கொக்குத்திட்டில் புதைத்த பானை

கடல் வற்றியிருந்த காலையில், எதிரே தெரிந்த கொக்குத்திட்டு என்ற மணல்மேட்டை நோக்கி, முழங்கால் அளவு நீரில் குமணன் முதல் அடியை வைத்தான். தங்கை மதிவதனி மண்வெட்டியோடு பின்தொடர்ந்தாள்.

சவேரியார்துறை என்ற அந்த மீன்பிடி ஊருக்கு விடுமுறையில் வந்திருந்த இருவரும், முந்தின மாலை வலை பின்னுகிறவர்கள் பேசியதைக் கேட்டிருந்தார்கள். "கொக்குத்திட்டுல செவப்புத் துணிக் கம்பத்தடியில பானை பொதைச்சாச்சு. நம்ம உசிரே அதுலதான் கெடக்கு." அப்படியானால் தங்கம்தான் என்று குமணன் தீர்மானித்துவிட்டான்.

"அடுத்தவங்க பொருளுண்ணே," என்றாள் மதிவதனி.

"பாத்துட்டு மூடிருவோம். பயமா இருந்தா போயி அம்மாகூட மீன் கழுவு."

அலை இடுப்பைத் தள்ளியது. சிப்பி பாதத்தைக் கீறியது. கைகோத்துத் திட்டில் ஏறிக் கம்பத்தடியைத் தோண்டினார்கள். துணியால் வாய்கட்டிய பானை ஒன்று தெரிந்தது. அவிழ்த்தால், உள்ளே தண்ணீர்.

"தங்கம் அடியில இருக்கும்," என்று குமணன் கவிழ்த்தான். மணல் நொடியில் குடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு பானையையும் கவிழ்த்தான். அதிலும் தண்ணீர்தான்.

அதற்குள் கடல் ஏறி, வந்த வழியை மறைத்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது, பலகையைப் பற்றியபடி ஒரு மனிதர் திட்டின் மணலில் வந்து விழுந்தார். உதடுகள் உப்பில் வெடித்திருந்தன. கம்பத்தடிக்குத் தவழ்ந்துபோய்க் காலிப் பானைக்குள் கையை விட்டார்.

"வள்ளம் கவுந்துட்டு. இந்தத் தண்ணிய நெனச்சுக்கிட்டுதான் நீந்துனேன். யாரு ஊத்துனது?"

குமணனால் தலை நிமிர முடியவில்லை. "நான்தாண்ணே. தங்கம்னு நெனச்சுட்டேன்."

கஸ்பார் என்ற அந்த மீனவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மதிவதனி தன் பாட்டிலில் எஞ்சியதை நீட்டினாள். பாதி குடித்துவிட்டு, மீதியைக் குமணனிடம் கொடுத்தார்.

"நீயும் வெயில்லதான நிக்க. குடி தம்பி."

அந்த ஒரு வாய் நீரை விழுங்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

கடல் வற்றியதும் கஸ்பாரைத் தோளில் தாங்கிக் கரைசேர்த்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத கஸ்பாருக்காகக் கோயில் வாசலில் ஜெபித்துக்கொண்டிருந்த ஊர் ஓடிவந்தது. "காப்பாத்திக் கொண்டாந்த ராசால்ல இது," என்று குமணனைத் தூக்க வந்தார்கள். கஸ்பார் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"என்னையத் தூக்காதீங்க," என்றான். "இவரு குடிக்க வேண்டிய தண்ணிய நான்தான் கீழ ஊத்துனேன்."

கைகள் கீழே இறங்கின. கஸ்பாரின் மனைவி ரோசலின்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கடல் வத்துனதும் காலையில கொடத்தோட வாங்க. ரெண்டு பானையும் நெறையணும்."

மறுநாள் குமணன் நல்ல தண்ணீர்க் குடத்தைத் தலையில் ஏந்தி, அலையில் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தான். இரண்டு பானைகளையும் நிரப்பி, வாயைக் கட்டி, மணலால் மூடினான். பெயர் தெரியாத ஒருவரின் தாகத்துக்காகத் தண்ணீர் வைப்பதும் ஜெபம்தான் என்று அன்று அவனுக்குப் புரிந்தது.