இடது முன் சக்கரம்

ஞாயிறு, காலை.

மலைச்சாலையின் வளைவில் முதலில் கண்ணில் பட்டது சக்கரம்தான். இரவுப் பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்து இறங்கினாள். நடுச்சாலையில் தன்னந்தனியாக ஒரு சக்கரம் படுத்துக் கிடந்தது. அதன் கம்பிகள் வெயிலில் பளபளத்தன. வண்டியைக் காணோம்.

ஓரத்துக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் கூரையில்லாத சின்னச் சிவப்புக் கார் ஒன்று பாறையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இறங்கிப் போய் மணிக்கட்டைத் தொட்டாள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அந்த ஒரு தொடுதலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பல் டாக்டர். போன மாதம்தான் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்.

விசாரணைக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர் அவசரப்படாதவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமும் கிடையாது. உடன் வந்த காவல்துறை மெக்கானிக் சாலையில் வந்த வழியே நடந்து போய், வளைவுக்கு வெகு முன்னாலேயே கிடந்த ஒரு நட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதற்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் வேண்டாம், காதில் செம்பு, ஈயம் மாதிரி மெத்தென்ற உலோகச் சுத்தியலால் அடித்தே இறுக்கலாம், கழற்றலாம்.

"மரை தேயல, உடையவும் இல்ல மேடம். அழகா கழண்டு வந்திருக்கு. யாரோ தளர்த்தி விட்டிருக்காங்க" என்றான்.

ஞாயிறு, பிற்பகல்.

டாக்டரின் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. சுவரில் கருவிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்ட்டில் வரைந்து வைத்திருந்தார் டாக்டர். ஒரே ஓர் உருவம் மட்டும் காலியாக இருந்தது. தலை பெருத்த, காம்பு குட்டையான ஒரு சுத்தியல்.

அவர் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து பேசினார். அழுகை இன்னும் வந்திருக்கவில்லை. கார் துருப்பிடித்த தகரக் குவியலாக வந்து சேர்ந்தது, இருக்கைக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்தது, தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தது, பழைய எஞ்சினுக்குப் பதிலாக வேறு வண்டியின் பெரிய எஞ்சினை உட்கார வைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைன்னா எனக்குப் புருஷன் கிடையாது மேடம். வண்டிக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு கால்தான்" என்றார்.

கார் முதன்முதலாக வெளியே போகப்போகிறது என்று நாலைந்து நண்பர்களை டாக்டர் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். கடைசி வேலையாக முன் சக்கரங்கள் இரண்டையும் மாட்டியவர் லேத் பட்டறை வைத்திருக்கும் மாஸ்டர். தொடக்கத்திலிருந்தே இந்த வேலையில் டாக்டரோடு இருந்தவர் அவர்தான். மாட்டி முடித்ததும் டாக்டர் அவர் தோளில் கை போட்டு, "இவர் கை தப்புப் பண்ணி நான் பார்த்ததே இல்ல" என்று எல்லோரிடமும் சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். பிறகு டாக்டர் சட்டை மாற்ற உள்ளே போனார். நண்பர்கள் கூடத்தில் டீ குடித்தார்கள். கார் சற்று நேரம் வாசலில் ஆளில்லாமல் நின்றது.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னுதான் சொன்னார். சந்தோஷம் வந்துட்டா அவருக்குத் தெருமுனை கண்ணுக்குத் தெரியாது" என்றார் மனைவி.

அதற்குமேல் அவர் சொல்லத் தயங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். முந்தைய நாள் மாலை டாக்டருக்கும், அதே வீட்டில் தங்கியிருந்த அவர் மைத்துனனுக்கும், அதாவது மனைவியின் தம்பிக்கும், பெரிய வாக்குவாதம். இந்த வண்டி தெருவில் இறங்காது, எப்படி இறங்குகிறது என்று நானும் பார்க்கிறேன் என்று அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

அவன் அறையைச் சோதித்தபோது, தோள் பைக்குள் துணி சுற்றிய ஒரு செம்புச் சுத்தியல் இருந்தது. கொட்டகைச் சுவரில் காலியாக இருந்த உருவத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது.

மைத்துனன் எதையும் மறைக்கவில்லை. சுத்தியலை எடுத்தது நான்தான், நேற்றே எடுத்தேன் என்றான். அந்தப் பெரிய எஞ்சின் அவனைப் பயமுறுத்தியிருந்தது. அனுபவமுள்ள யாராவது முதலில் ஓட்டிப் பார்க்கட்டும் என்று மாமாவிடம் கெஞ்சியிருக்கிறான், அவர் கேட்கவில்லை. சுத்தியல் இல்லாவிட்டால் சக்கரம் மாட்ட முடியாது, ஒரு வாரமாவது தள்ளிப்போகும் என்று நினைத்தானாம். காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்குத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். பார்த்தவர் யாருமில்லை.

"எங்க அக்காவை விதவையாக்கவா மேடம் நான் சுத்தியலை எடுப்பேன்?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலை அவனை அழைத்துப் போனார்கள். அக்கா அப்போதுதான் அழுதார்.

திங்கள்.

மாஸ்டரின் பட்டறையில் லேத் ஓடவில்லை. கையில் டீ கிளாஸோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் நின்றபடியே கேட்டார்.

"முன் சக்கரம் ரெண்டையும் மாட்டினது நீங்கதானே?"

"ஆமா மேடம். சக்கரம் உட்கார்ற ஹப், அதுலதான் நட்டு ஏறுற மரை இருக்கும், அது ரெண்டையும் இங்க வெச்சு பேரிங் மாத்தி, காலையில கொண்டுபோய்ப் பூட்டினேன். அப்புறம் சக்கரம்."

"எந்தச் சுத்தியல்?"

"செம்புச் சுத்தியலைத் தேடினோம், கிடைக்கல. என் பையில ஈயச் சுத்தியல் இருந்துது."

"பின் சக்கரம்?"

"அது டாக்டர் முன்னாடியே மாட்டினது. செம்புச் சுத்தியல்ல."

"நட்டு நல்லா இறுகிச்சா?"

"மேல் காதைப் பின்பக்கமா அடிச்சா இறுகும், முன்பக்கமா அடிச்சா தளரும். ரெண்டு பக்கமும் அப்படித்தான். இடது பக்கம் ஒரு மாதிரி மரை, வலது பக்கம் அதுக்கு எதிர் மரை. அதனால வண்டி ஓட ஓட நட்டு தானாவே இறுகும்."

"நட்டுல இடது வலதுன்னு எழுதியிருக்காதா?"

"இருந்துது. வழவழன்னு இருந்தா அழகுன்னு டாக்டர் சொன்னார். எழுத்தை அரத்தால ராவி எடுத்துட்டு குரோம் பூசிட்டேன்."

"அப்புறம் எப்படி மாஸ்டர் கழண்டுது?"

"யாராவது கை வெச்சிருக்கணும்." டீ கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

காவல் நிலைய முற்றத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் சொன்னதை இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கிடம் அப்படியே ஒப்பித்தார். தனக்கும் அது தெரியும் என்றான் அவன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வலது முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். மேல் காதை முன்பக்கமாகப் பார்த்து மரச்சுத்தியால் அடித்தான். நட்டு முதலில் சற்று நகர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. வியர்க்க வியர்க்க அடித்தான். அசையவில்லை.

"மோதினதுல இறுகிப்போச்சு மேடம். அறுத்துத்தான் எடுக்கணும்."

"அறுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பின் சக்கர நட்டுகளின் காதுகளில் செம்பு ஈஷிய சிவந்த தீற்றல். முன் சக்கரத்தில் சிவப்பே இல்லை, சாம்பல் நிறம்தான். கழன்று விழுந்த நட்டையும் எடுத்து வரச் சொன்னார். அதன் காதுகளிலும் சாம்பல் நிறம் மட்டுமே. கைக்குட்டையால் துடைத்தார், பென்சில் கரி போல ஈயம் ஒட்டிக்கொண்டது.

பையில் கிடைத்த செம்புச் சுத்தியல் இந்த நட்டுகளைத் தொடவே இல்லை. மைத்துனன் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் வேறொரு சுத்தியலால் அடித்திருக்கலாமே என்று மேலதிகாரி கேட்டார். இன்ஸ்பெக்டர் அந்த நட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

செவ்வாய், மாலை.

பதில் அவர் வீட்டு மேஜை விசிறியில் இருந்தது. தூசி படிந்துபோயிருந்த இறக்கையைக் கழற்றித் துடைக்கலாம் என்று உட்கார்ந்தவர், நடுவிலிருந்த பிளாஸ்டிக் மூடியோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார். திருகத் திருக அது இறுகிக்கொண்டே போனது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நீ கழட்டல, இறுக்கிக்கிட்டிருக்க. விசிறி மூடிக்கு மட்டும் எதிர்ப்பக்கம் திருகணும். இல்லன்னா சுத்தற வேகத்துல அதுவே கழண்டு விழுந்துடும்ல?"

எதிர்ப்பக்கம் திருகியதும் மூடி இரண்டு விரலில் கழன்று வந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறக்கை அன்று துடைக்கப்படவில்லை.

புதன்.

காலையில் முற்றத்துக்கு வந்ததும் மெக்கானிக்கை அழைத்து, வலது முன் சக்கரத்தின் மேல் காதைப் பின்பக்கமாக அடிக்கச் சொன்னார். அப்படி அடித்தால் இன்னும் இறுகும் மேடம் என்றான். அடித்துப் பார் என்றார். மூன்றே அடியில் நட்டு தளர்ந்து கையோடு வந்தது. மெக்கானிக் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

முற்பகலில் மாஸ்டரை டாக்டர் வீட்டுக் கொட்டகைக்கு வரச் சொன்னார். டாக்டரின் மனைவியும் அங்கே இருந்தார். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. நட்டு இரண்டையும் வேலை மேஜைமேல் வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் பேசினார்.

"யாரும் எதையும் தளர்த்தல. இடது பக்கத்து ஹப் வலது பக்கத்துல இருந்துது, வலது பக்கத்துது இடது பக்கத்துல. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான், மரை மட்டும்தான் வேற, நட்டும் அந்தந்த ஹப்புக்குத்தான் ஏறும். அடையாள எழுத்தையும் ராவியாச்சு. மாறி மாட்டினா, வண்டி ஓட ஓட இறுக வேண்டிய நட்டு ஓட ஓடக் கழலும். அதுதான் நடந்துது."

டாக்டரின் மனைவி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நட்டுகளைப் பார்த்தார்.

"ஹப் மாறினது கவனப்பிசகு. யாருக்கும் வரும்" என்று இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார். "ஆனா சக்கரத்தை இறுக்கினதும் நீங்கதான் மாஸ்டர். மேல் காதைப் பின்பக்கமா அடிச்சா இறுகும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. இந்த ரெண்டு நட்டையும் அப்படி அடிச்சிருந்தா அங்கயே கழண்டு உங்க கையில விழுந்திருக்கும். வண்டி மலைச்சாலை வரைக்கும் போயிருக்கு. அப்படின்னா நீங்க முன்பக்கமா அடிச்சுத்தான் இறுக்கியிருக்கீங்க. அடிச்ச கைக்குத் தெரியாம இருக்குமா?"

மாஸ்டர் தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நட்டைச் சுத்த ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு" என்றார் கடைசியில். ஹப்பைக் கழற்றி மாற்ற வேண்டுமானால் முன்பக்கம் முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும், வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு எப்படியாவது இறுக்கிவிடலாம் என்று இறுக்கினார். சொல்லிவிடத்தான் நிமிர்ந்தாராம். "அப்பதான் டாக்டர் தோள்ல கை போட்டு அந்த வார்த்தையைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. வாய் வரல மேடம். தெருமுனை வரைக்கும்தானே, திரும்பி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழட்டிடலாம்னு இருந்துட்டேன்."

"அந்தப் பையனைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்போ?"

"அப்போ சொல்றது இன்னும் கஷ்டமாயிருந்துது."

"ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாத்தான் ஆகியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. கைதவறியதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, தெரிந்தும் அனுப்பியதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நிரபராதி ஒருவன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்ததற்கும் ஒரு பெயர் இருக்கும் என்றார். மூன்றையும் நீதிபதி முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். பிறகு டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லியிருந்தா அவர் சிரிச்சிருப்பார் அண்ணே" என்றார். "வந்தவங்களையெல்லாம் அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கன்னு அனுப்பியிருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

மாஸ்டர் யாரும் தொடாமலே ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

மாலையில் மைத்துனன் வீடு வந்தான். அவன் கதவைத் தட்டுவதற்குள் அக்காவே வந்து திறந்தார். சுத்தியலை நான் எடுக்காமல் இருந்திருந்தால், மாமாவே சக்கரத்தை மாட்டியிருப்பாரோ என்னவோ என்று அவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். அதைச் சொல்ல ஆரம்பித்தான். அக்கா அவனை முழுவதும் சொல்ல விட்டார். ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல், கடைசிவரை கேட்டார்.