ஃபேன் சத்தம்

சர்வர் அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

கிடந்தால் என்ன, செருப்பு கிடக்க வேண்டிய இடம்தானே அது என்று கேட்கலாம். நியாயம்தான். தூசி ஆகாத அறை அது. போகிறவர்கள் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அன்று பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. காலையிலிருந்து கட்டடத்துக்குள் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை என்று வாட்ச்மேன் இப்போதுதான் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். அடித்தளத்துக்கு இறங்கும் படியில் நின்றுவிட்டார் டைரக்டர். பல்கலைக்கழகத்தின் கணினித் துறை முழுவதும் அவர் கைக்குள்தான். அவருக்குத் தெரியாமல் அங்கே யார் இறங்க முடியும்?

"யாருப்பா உள்ள?"

மூடிய கதவுக்குப் பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. இங்கே ஜன்னலே கிடையாது, பகலும் ராத்திரியும் ஒன்றுதான். குழல் விளக்கின் வெளுத்த வெளிச்சம், ஈரச் சுவரின் வாடை, அதோடு கலந்து எங்கிருந்தோ லேசான கருகல் நெடி. அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இடது செருப்பின் அறுந்த வார், நீல நிற நெட்வொர்க் வயர்த் துண்டால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அந்தச் செருப்பைப் போன வருஷம் அவரே தன் கையால் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார்.

அதன் சொந்தக்காரனைப் பூனை என்று கூப்பிடுவார்கள். டெக்னீஷியன். அந்த அறையில் வெறுங்காலோடு அவன் நடந்தால் தரைக்கே தெரியாது. காதருகே வந்து "சார்" என்னும்போதுதான் ஆள் நிற்பது தெரிந்து தூக்கிவாரிப் போடும். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, வெளியே உள்ள சிவப்புப் பெட்டியில் கை வைக்காதே என்ற பழக்கத்தை ஏற்படுத்தியவனும் அவன்தான். அந்தப் பெட்டியின் சாவியைத் திருப்பிவிட்டால் கதவு இறுகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே எங்காவது கொஞ்சம் புகை கிளம்பினால் போதும், கூரைக் குழாய்களிலிருந்து வாயு கொட்டித் தீயை அணைத்துவிடும். தீயை மட்டுமா? உள்ளே ஆள் இருந்தால் மூச்சையும்தான்.

"பூட்டினாலும் உள்ளேருந்து தொறக்க ஒரு பட்டன் வேணும் சார்" என்று பூனை நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

"திருடன் மாட்டினா அவனுக்கும் கதவத் தொறந்து விடணுமாய்யா?" என்று டைரக்டர் சிரித்தார். பழைய பேட்டரிகள் சூடாகிப் புடைக்கின்றன, மாற்றணும் என்றான். அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம் என்றார்.

ஆய்வுக் குழு வந்த அன்று, அவர்கள் கீழே இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் இந்தச் செருப்பு கிடந்தது. "இதென்ன கல்யாண மண்டபமா?" என்று இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். செருப்பு வாசலில் என்றால் கால் எங்கே என்று அவர் யோசிக்கவில்லை. குழு வந்தது. பாதுகாப்பைக் காட்டுகிறேன் பேர்வழி என்று சாவியைத் திருப்பினார். கதவு பூட்டிக்கொண்டது. உடனே உள்ளிருந்து தட்டும் சத்தம்.

"யாரோ தட்டுறாங்க போலிருக்கே?" என்றார் குழுத் தலைவியம்மா.

அந்த நொடியில் டைரக்டருக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விடக்கூடாது: நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனால் இவர்கள் முன்னால் கதவைத் திறந்தால் மானம் கப்பலேறும். முதலில் இவர்களை மேலே அனுப்பிவிட்டு வந்து திறந்தால் போயிற்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஃபேன் சத்தம்."

மேலே டீ சூடாக இருந்தது. பாராட்டும் பேச்சும் நீண்டது. கீழே ஒரு பேட்டரி புகைந்தது.

விசாரணையில், செருப்பை வெளியே விடாமல் உள்ளே போனது செத்தவன் தவறு என்று முடித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பூனையின் மனைவி மட்டும் எழுந்து நின்றாள். "வீட்ல குளிக்கப் போனாக்கூட செருப்ப வாசல்ல நேரா வெச்சிட்டுப் போற மனுஷன் சார் அவரு. அவரு செருப்பு எங்க? அத மட்டும் சொல்லுங்க." அவள் டைரக்டரை மட்டுமே பார்த்தாள். "எடுத்தவன் நல்லாவே இருக்க மாட்டான்."

அவர் நன்றாகத்தான் இருந்தார். பல்கலைக்கழகக் கணினித் துறைத் தலைவர்களின் சவால்கள் பற்றி மேடை மேடையாகப் பேசினார். பணமில்லை, ஆளில்லை, இயந்திரங்கள் பழசு, திருடர்கள் புதுசு என்று அடுக்கிவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய சவால் மனிதத் தவறு என்று குரல் தழுதழுக்கப் பூனை கதையைச் சொல்வார். அரங்கமே கைதட்டும். நாளைக்கும் அப்படி ஒரு மேடை இருந்தது.

செல்போன் அலறியதில் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பதிவாளர்.

"என்னங்க டைரக்டர், ரிசல்ட் பக்கம் இன்னும் செத்துக் கெடக்கு! பிள்ளைங்க வாய்க்கு வந்தபடி ஏசுதுங்க. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா, நாளைக்கு உங்க நாற்காலில வேற ஆள்தான். சொல்லிட்டேன்."

அனுப்புவதற்கும் ஆளில்லை. கெட்டிக்காரர்கள் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அந்த அறை என்றாலே லீவு எழுதினார்கள். அவர்தான் போயாக வேண்டும்.

வாட்ச்மேனைப் போனில் கூப்பிட்டார். "நான் கீழ சர்வர் ரூம்ல இருக்கேன். கொஞ்ச நேரத்துல மேல வரலன்னா வந்து பாருங்க."

பிறகு, ஷூ நுனியால் அந்தச் செருப்பை மணல் வாளிக்குப் பின்னால் தள்ளினார். தள்ளும்போதே, இதை முன்பும் செய்திருக்கிறோம் என்று உடம்பு கூசியது. தன் கறுப்பு ஷூவைக் கழற்றி, வாசலுக்கு நட்டநடுவே, குருடனுக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். சிவப்புப் பெட்டியின் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். கதவு மூடாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். இனி எவன் என்ன செய்ய முடியும்?

உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. இயந்திர அடுக்குகளுக்கு நடுவே நீளச் சந்துகள், பச்சையும் சிவப்புமாய்ச் சிமிட்டும் விளக்குகள், கூரையில் வரிசையாக வாய் திறந்திருக்கும் குழாய்கள். அண்ணாந்து பார்க்காமல் நடந்தார். காலுறைக்குள் பாதம் மரத்துக்கொண்டு வந்தது. கடைசிச் சந்தில் திரும்பியபோது, சட்டென்று இடது பாதத்துக்கு இதமாக இருந்தது.

தரையில் ஒரு இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

குனிந்து தொட்டார். சுற்றிலும் பனிக்கட்டி போன்ற தரை. அந்த இடம் மட்டும், யாரோ வெகுநேரம் நின்றுவிட்டு இப்போதுதான் நகர்ந்த மாதிரி. ஒரு பாதத்தின் அளவு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வெந்நீர்க் குழாய் ஏதாவது அடியில் ஓடும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். அப்படி ஒரு குழாய் அங்கே கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ரிசல்ட் ஓடும் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி போட்டார். விசிறிகள் சீறின. திரையில் எழுத்துகள் ஓடின. ஓடி, நின்று, மறுபடி ஓடி, கடைசியில் ரிசல்ட் பக்கம் உயிர் பெற்றது. "அப்பாடா!" நாற்காலி பிழைத்தது.

கருகல் நெடி இப்போது பலமாக வீசியது. மூலையில், மாற்றாமல் விட்ட பேட்டரிகளின் பக்கமிருந்து.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். கால் வைத்த இடமெல்லாம் வெதுவெதுப்பு. அவருக்கு முன்னாலேயே யாரோ நடந்து போயிருக்கிறார்கள். அடிக்கு அடி சூடு கூடியது. கதவுப் பக்கம்.

நாற்காலி ஓரமாக இருந்தது. நேராக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

கதவு மூடியிருந்தது.

வெளியே க்ளிக் என்று ஒரு சத்தம். சாவி திரும்பும் சத்தம். சாவி தன்னிடம்தானே! பைக்குள் கைவிட்டார். விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்.

நீல வயர்த் துண்டு.

கதவில் மேலிருந்து கீழ்வரை விரலகலத்துக்குக் கண்ணாடி. முகத்தை அழுத்திப் பார்த்தார். வாசல் காலி. ஷூ இல்லை.

தட்டினார். உள்ளங்கை வலிக்கத் தட்டினார். மேலே எச்சரிக்கை மணி விட்டு விட்டுப் பிளிறத் தொடங்கியது. மாடிப்படியில் காலடி. வாட்ச்மேன்! சொன்னபடி வந்துவிட்டார், மகராசன்! கண்ணாடிக்கு அப்பால் அவருடைய காக்கிச் சட்டை தெரிந்தது.

"யோவ்! இங்க! உள்ள இருக்கேன்யா!"

வாட்ச்மேன் வாசலைக் குனிந்து பார்த்தார். அங்கே செருப்பும் இல்லை, ஷூவும் இல்லை. நிமிர்ந்து, பக்கத்தில் யாரிடமோ மரியாதையாகக் கேட்டார்.

"இங்கதான் இருக்கீங்களா சார்? உள்ள யாரோ தட்டுற மாதிரி கேக்குதே?"

பதில் சொன்ன குரலை டைரக்டர் நன்றாக அறிவார். அத்தனை மேடைகளில் கைதட்டல் வாங்கிய குரல்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஃபேன் சத்தம்."

"மணி அடிக்குதே சார்?"

"சும்மா டெஸ்ட். வாங்க, மேல போய் டீ குடிக்கலாம்."

"சரிங்க சார்."

கூரையில் முதல் குழாய் சீறியது. அவர் தட்டிக்கொண்டே மண்டியிட்டுச் சரிந்தார். கன்னம் கண்ணாடியோடு தேய்ந்து கீழே, கீழே, தரைமட்டம் வரை வந்தது. காக்கிக் கால்சட்டை படியேறிப் போனது. அதன் பின்னாலேயே, அவருடைய கறுப்பு ஷூ. பளபளப்பாக. நாடா அழகாக முடியப்பட்டு. துளிச் சத்தமில்லாமல் ஒவ்வொரு படியாக ஏறியது. ஷூவுக்கு மேலே காலுறை இல்லை. சாம்பல் பூத்த இரண்டு வெறும் கணுக்கால்கள்.