அழுதது நான் இல்லை

கூடையில் கிடந்த போன் அலறியது.

கல்லூரி மாணவர்களுக்கான சைபர் பாதுகாப்புப் போட்டி. ஜெயிக்கும் அணிக்கு நேரடியாக வேலை. ஹாலுக்குள் நுழையும்போதே போட்டியாளர்கள் எல்லோருடைய போனும் அந்தக் கூடைக்குப் போய்விட்டது.

வாலு எழுந்தாள். வீட்டில் வைத்த பட்டப்பெயர், கல்லூரியிலும் ஒட்டிக்கொண்டது.

"என் அம்மாவோட ரிங்டோன். அவங்கதான் கூப்பிடறாங்க."

"போனை எடுத்தா உங்க டீம் அவுட்," என்றான் கூடைக்குக் காவல் நின்றவன்.

"வேலை நேரத்துல கூப்பிடவே மாட்டாங்க. ஏதோ சரியில்ல."

பக்கத்திலிருந்த தோழி பெருமூச்சு விட்டாள். "போய் எடுடி. அவுட்டுன்னா அவுட்டு."

போனோடு ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

"உன்னை விட்டுட்டாங்களா?" அம்மாவின் குரல் நடுங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். லேசில் நடுங்காதவள்.

"யாரு?"

"போலீஸ். திருட்டு கேஸ்ல பிடிச்சுட்டாங்கன்னு நீதானே போன்ல அழுத... அப்புறம் ஒருத்தன் ஓடிபி கேட்டான். சொல்லித் தொலைச்சேன். கணக்கையே துடைச்சுட்டாண்டி."

வாலு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அழுதது நான் இல்ல. உன்னோட இந்தப் புது நம்பர யாருக்குக் குடுத்த?"

"உனக்கு மட்டும்தான்."

வாலு அதை ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தாள். போட்டி விண்ணப்பத்தில். கூடவே தன்னைப் பற்றிப் பேசி வீடியோவும் அனுப்பியிருந்தாள். ஏஐயை வைத்துக் குரலைத் திருட அது போதும்.

அப்படியென்றால், ஆள் இங்கேதான்...

"அவனுக்கே போன் போடு. இன்னொரு கணக்கும் இருக்குன்னு சொல்லு."

"எங்கிட்ட ஏதுடி இன்னொண்ணு?"

"பொய்தாம்மா. இழுத்து இழுத்துப் பேசு."

வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தாள்.

மேடையில் இருவர். நடுவராக வந்திருந்த சைபர் க்ரைம் பெண் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், போட்டியின் அமைப்பாளர். சட்டைப்பையில் அதிர்ந்த போனைத் தொட்டுக்கொண்டு அமைப்பாளர் எழுந்தார். ஸ்டோர் ரூமுக்குள் போனார்.

வாலு பின்னாலேயே போனாள். கதவில் காதை வைத்தாள்.

"அழாதீங்கம்மா. பொண்ணை விட்டுடறோம். அந்தக் கணக்கு நம்பரை மட்டும் சொல்லுங்க..."

கதவைத் தள்ளினாள்.

அமைப்பாளரின் முகம் வெளுத்தது. மறுகணமே சிரித்தது.

"சபாஷ்மா. இது ரகசிய ரவுண்டு. நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சிருக்க. பணம் சாயங்காலமே திரும்பிடும்."

அவள் கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துப் போனார். மைக்கில் அறிவித்தார். ஹால் கைதட்டியது. தோழி விசிலடித்தாள்.

வாலு தயங்கினாள். பணம் வந்துவிடும். வேலையும் வந்துவிடும். நம்பிவிடலாமா?

"இன்னொரு தடவை சொல்லுங்க, சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரகசிய ரவுண்டு மேடம். நாலாவது."

"எல்லாக் கேள்வியும் போட்டது நான். மொத்தமே மூணு ரவுண்டுதான்."

கைதட்டல் அடங்கியது. அமைப்பாளரின் நெற்றியில் வியர்வை பூத்தது.

இன்ஸ்பெக்டர் நிதானமாக அவருடைய பையிலிருந்த போனை எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல சார், நாலாவதையும் வெச்சுடுவோம். எங்க ஸ்டேஷன்ல. போட்டியாளர் நீங்க ஒருத்தர்தான்."