அக்கா இறந்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல்

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள். மன்னார்க் கடலோரக் கிராமமான தாழ்வுபாட்டில் காலையிலிருந்தே கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மணல் எழும்பி வானத்தை மூடியிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே வெளியில் மஞ்சளாக, மங்கலாக இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கூரைத் தகடு மட்டும் 'டக், டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது.

பதினொரு வயது டினோஜா வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா எடித் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் இடத்துக்குப் போயிருந்தார். அக்கா டிலோஜினி விடியவே நறுவிலிக்குளத்துக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய சிநேகிதி கீர்த்திகாவிடம் ஏதோ புத்தகம் வாங்க வேண்டுமாம்.

போகும்போது அக்கா தன் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அது பழைய போன். சார்ஜ் ஏற மூன்று மணித்தியாலம் எடுக்கும்.

"கல்லூரியிலை இருந்து மெயில் வந்தால் திறந்து பார், டினோ. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவினம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கண்டிப் பக்கம் ஒரு கல்லூரி அது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கும் வேலையை அங்கே படிக்கலாம். அக்கா இரண்டு வருடமாக அந்தப் படிப்புக்காகக் காத்திருந்தாள்.

போன் 'டிங்' என்றது.

டினோஜா ஓடிப்போய் மெயிலைத் திறந்தாள்.

'அன்புள்ள குடும்பத்தினருக்கு,

செல்வி யா. டிலோஜினி காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம். அவருடைய ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம். அவருடைய விண்ணப்பம் இன்றுடன் மூடப்படுகிறது.

செல்வநாயகம்,
அனுமதிப் பிரிவு.'

டினோஜா மறுபடியும் வாசித்தாள். எழுத்துகள் மாறவில்லை.

காலமான செய்தியா? அக்கா காலையில்தானே பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனாள்! கடைசித் துண்டுப் பாணுக்காக இருவரும் சண்டைகூடப் பிடித்தார்களே!

அவள் கீர்த்திகாவுக்கு அழைப்பு எடுத்தாள்.

"கீர்த்திகாக்கா, எங்கடை அக்கா அங்கை வந்தவவோ?"

"இல்லையே டினோ. ஒன்பது மணிக்கு வாறன் எண்டு சொன்னவ. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

டினோஜா அழைப்பைத் துண்டித்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடற்கரைப் பாதையில் ஓடினாள்.

பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மணல் கண்ணைக் குத்தியது. கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள் படுத்திருக்கும் மாடுகளைப்போல் தெரிந்தன. கடல் எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

மணல் புகைக்குள் ஓர் உருவம் போனது. தலையிலிருந்து தோள்வரை வெள்ளைத் துணி. முகம் தெரியவில்லை. ஆனால் நடை? அது அக்காவின் நடை.

"அக்கா!"

உருவம் திரும்பவில்லை.

"அக்கா! டிலோஜினி அக்கா!"

டினோஜாவின் சத்தத்தைக் காற்று பின்னால் தள்ளிக்கொண்டு போனது. உருவம் வீட்டுப் பக்கமாக நடந்தது. ஒரு பெரிய மணல் அலை எழும்பி அடங்கியது. பிறகு பாதை வெறுமையாகக் கிடந்தது.

இப்போது அம்மாவிடம் போவதா, வீட்டுக்குப் போவதா? டினோஜாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அது அக்காவென்றால், எப்படிப்பட்ட அக்காவாக இருந்தாலும், தனியே விட முடியுமா? கண்ணைத் திறக்கவிடாத மணலில் தட்டுத்தடுமாறி அவள் வீட்டுக்குத் திரும்ப வெகுநேரம் எடுத்தது.

கதவு திறந்து கிடந்தது. பூட்டாமல் ஓடியது அவள்தான். ஆனால் சீமெந்துத் தரையில் ஈரமான காலடிகள் இருந்தன. கிணற்றடியிலிருந்து வந்து, அறைக்குள் போய் முடிந்தன.

உள்ளே யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆ... ஆர் அது?"

திரைச்சீலை மெல்ல விலகியது. ஈரத் தலைமுடி முகத்தை மூடியிருக்க, ஓர் உருவம் வெளியே வந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டினோஜா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள். "யேசுவே! அக்கா, நீ எங்கை போகோணுமோ அங்கை போ! கடைசிப் பாண் துண்டை நான் திண்டதுக்கு என்னை மன்னிச்சிடு!"

"உனக்கு என்னடி விசர்?" என்றது உருவம்.

டினோஜா ஒரு கண்ணைத் திறந்தாள். அக்கா முடியை ஒதுக்கிவிட்டு முறைத்துக்கொண்டு நின்றாள். பேய்கள் அப்படி முறைப்பதில்லை. டினோஜா மெதுவாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். பிறகு நன்றாகக் கிள்ளியும் பார்த்தாள்.

"ஆ! ஏன்டி கிள்ளுறாய்?"

"நீ உயிரோடைதான் இருக்கிறாய்!"

"இல்லாமல்? மன்னாரிலை மூண்டு மணித்தியாலம் நிண்டனான், நறுவிலிக்குளம் பஸ் வரேல்லை. மணலுக்குத் தலையை மூடிக்கொண்டு கடற்கரையாலை நடந்து வந்து, இப்பதான் குளிச்சனான்."

டினோஜா போனை நீட்டினாள்.

அக்கா மெயிலை வாசித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேர்முகத் தேர்வுக்கான பட்டியலை இண்டைக்கு நாலு மணிக்குப் போடப் போயினம், டினோ. என்ரை பேர் அதிலை வராது."

சுவர் மணிக்கூட்டில் ஒன்றரை. கல்லூரிக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, அழைப்பு எடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அக்கா அவசர அவசரமாக ஒரு மெயில் தட்டினாள்.

'நான் சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன். என் பெயரை வெட்ட வேண்டாம். டிலோஜினி.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

'இந்த முகவரிக்கு உரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பெயரில் எழுதுவது யார்?'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரைத் தகடு தட்டுவது நின்றுபோயிருந்தது. வீடு முழுவதும் அமைதி.

அக்கா எழுந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். தூசி படிந்த கண்ணாடியில் அவளுடைய முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"டினோ," என்றாள் சின்னக் குரலில், "நான் இருக்கிறன்தானே?"

அக்கா பயந்து டினோஜா ஒருநாளும் பார்த்ததில்லை. பாம்புக்கே பயப்படாதவள் அவள். அதைப் பார்த்ததும் டினோஜாவுடைய பயம் எங்கேயோ ஒதுங்கிப் போனது.

"இருக்கிறாய். நான் கிள்ளினது சிவந்திருக்கு, பார்" என்றாள். "கந்தோரிலை இருக்கிறவருக்கு நீ செத்துப்போனாய் எண்டு ஆர் சொன்னது? அதைத்தான் முதலிலை பாக்கோணும்."

அவள் போனை எடுத்து, போன கிழமை அனுப்பிய விண்ணப்பத்தைத் தேடித் திறந்தாள். அதோடு மூன்று கோப்புகள் இணைத்திருந்தார்கள். முதலாவது, பரீட்சைப் பெறுபேறு. இரண்டாவது, அடையாள அட்டை. மூன்றாவதின் பெயரை வாசித்ததும் டினோஜாவின் காது சூடானது.

'டிலோஜினி மரணச் சான்றிதழ்.'

அப்பா யாகப்பர் நான்கு வருடத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்துக்குப் பதிலாக அம்மா கையெழுத்து வைத்ததால், அப்பாவின் மரணச் சான்றிதழையும் அனுப்ப வேண்டியிருந்தது. அதை ஸ்கேன் செய்ய பவ்ஸான் அண்ணாவின் கடைக்குப் போனது டினோஜாதான். 'மரணச் சான்றிதழ் எண்டதுக்கு முன்னாலை என்ன பேர் போட?' என்று பவ்ஸான் அண்ணா கேட்டார். விண்ணப்பம் அக்காவுடையதுதானே என்று நினைத்து, 'டிலோஜினி எண்டு போடுங்கோ' என்று சொன்னதும் அவள்தான்.

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அக்கா, உன்னைச் சாகடிச்சது நான்தான்."

கதை முழுவதையும் கேட்ட அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று டினோஜா காத்திருந்தாள். ஆனால் அக்காவின் முகத்தில் மெல்ல இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் பேயில்லை. பேர்தான் பிழை" என்றாள். "சரி, அந்தாளுக்கு நல்லாய்க் குடுக்கிறன் பார். கோப்பைத் திறந்து பாக்கக்கூடத் தெரியாதோ எண்டு கேட்டு..."

"வேண்டாமக்கா. அவருக்கு ஒரு நாளைக்கு எத்தினை மெயில் வரும்? நான் அந்தப் பேரைப் பார்த்திருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். கோவிச்சு எழுதினால் இன்னும் நம்பமாட்டார். என்ன நடந்தது எண்டு ஒழுங்காய்ச் சொல்லுவம். நான் சொல்லுறன், நீ தட்டு."

அக்கா தட்டினாள். இரண்டு இடத்தில் டினோஜாவின் சொற்பிழையைத் திருத்தினாள். ஓர் இடத்தில் டினோஜா அக்காவின் கோபத்தை அழித்தாள். கடைசியில் மெயில் இப்படி இருந்தது.

'விடயம்: விண்ணப்ப இலக்கம் 417 – கோப்பின் பெயரில் ஏற்பட்ட தவறு

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடும்பத்துக்கு நீங்கள் தெரிவித்த அனுதாபத்துக்கு நன்றி. ஆனால் விண்ணப்பதாரியாகிய நான் நலமாக இருக்கிறேன். நான் அனுப்பியது என் தந்தை யாகப்பரின் மரணச் சான்றிதழ். அந்தக் கோப்புக்குத் தவறுதலாக என் பெயரை வைத்துவிட்டோம். தவறு எங்களுடையது. அதற்காக வருந்துகிறேன்.

சரியான பெயருடன் சான்றிதழை மீண்டும் இணைத்துள்ளேன். என் அடையாள அட்டையை ஏந்தியபடி இன்று எடுத்த படத்தையும் இணைத்துள்ளேன். என் தொலைபேசி இலக்கம் கீழே உள்ளது. பட்டியல் வெளியாகுமுன் என் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யா. டிலோஜினி.'

படம் எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மங்கலான வெளிச்சத்தில் முதல் படத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. இரண்டாவதில் அக்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"இதை அனுப்பினால் அந்த மனுசன் கந்தோரைப் பூட்டிப்போட்டு ஓடிடும். சிரி அக்கா!" என்றாள் டினோஜா.

மூன்றாவது படத்தில் அக்கா சிரித்தாள். அனுப்பும்போது மூன்று மணி பத்து நிமிடம்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. வெளியே காற்று திரும்பவும் ஊளையிடத் தொடங்கியது. இருவரும் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு, அது ஏதோ உறங்கும் பிராணி என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது போன் அதிர்ந்தது. தெரியாத இலக்கம்.

அக்கா எடுத்தாள். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு மிக மெதுவாக ஒரு குரல்.

"டிலோஜினி... இருக்கிறாவோ?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தாள். டினோஜா மேசைக்குக் கீழே அவளைக் கிள்ளினாள்.

"ஆ! ஓம்... ஓம் ஐயா. இருக்கிறன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "பிள்ளை, நான் செல்வநாயகம் கதைக்கிறன். அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு மனம் வரேல்லை, அம்மா. உங்கடை வயதிலை எனக்கும் ஒரு மகள் இருக்கிறா. ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை. திறந்து பாக்காதது என்ரை பிழை."

"இல்லை ஐயா, எங்கடை பிழைதான்..."

"அது போகட்டும். பட்டியலிலை உங்கடை பேரைப் போட்டாச்சு. பன்னிரண்டாம் தேதி காலமை ஒன்பது மணி. கட்டாயம் வாங்கோ. நான் ஒருக்கா நேரிலை பாக்கோணும்."

அக்கா போனை வைத்துவிட்டு டினோஜாவைக் கட்டிப்பிடித்தாள். ஈரத் தலைமுடி டினோஜாவின் முகமெல்லாம் ஒட்டியது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

அம்மா தலையில் கருவாட்டுக் கூடையோடு உள்ளே வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுது சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னடி நடந்தது?"

"ஒண்டுமில்லையம்மா," என்றாள் டினோஜா. "மத்தியானம் அக்கா செத்துப்போனவ. நாலு மணிக்கு எழுப்பிப்போட்டன்."