வேண்டாம் என்றால் இரண்டு முறை

தவளை எதையும் தின்னவில்லை, ஆனால் பெருத்திருந்தது. தையல்காரியின் கண்ணுக்கு அளவு தப்பாது. வந்த அன்று அவள் உள்ளங்கைக்குள் அடங்கிப்போயிருந்த பிராணி, இப்போது கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு, வயிறு இரண்டு பக்கமும் வழிய உட்கார்ந்திருந்தது. போட்ட புழுக்களெல்லாம் கிண்ணத்திலேயே நெளிந்துகொண்டிருந்தன. மழை விட்டுவிட்டுப் பெய்த அந்தச் சாயங்காலத்தில், ஈர மண் வாடையும் தைல வாடையும் ஒன்றாகக் கலந்து அறையை விட்டு வெளியே போக மாட்டேன் என்று நின்றன.

தவளை வளர்ப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் ஒரு காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் அப்படியே சரிந்தார். பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. மிஞ்சியது வலது ஆள்காட்டி விரலும் இமைகளும்தான். ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் வேண்டாம். அதை வைத்துக்கொண்டே இருவரும் குடித்தனம் நடத்தினார்கள், சண்டைகூடப் போட்டார்கள்.

"விரலை ஆட்டறதுக்கு அவருக்கே ஒரு ஆசை வரணும்க்கா. ஏதாவது வளர்த்துப் பாருங்க," என்றாள் பயிற்சி கொடுக்க வரும் பெண்.

நாயைக் கட்ட இடமில்லை. பூனை என்றால் அவளுக்குத் தும்மல். பிராணிக் கடைக்காரன் தொட்டியை நீட்டினான்.

"குரைக்காது, முடி கொட்டாது. ஒரு வாரம் வச்சுப் பாருங்கக்கா, ஒத்துவரலைன்னா கொண்டாந்துடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அசையறதைத்தான் இது திங்கும். அப்பக் கண்ணு ரெண்டும் மண்டைக்குள்ள போகும், பயந்துடாதீங்க. கண்ணாலதான் உள்ள தள்ளி விழுங்கும்."

கட்டிலை ஒட்டித் தொட்டியை வைத்து, அவர் விரலைக் கண்ணாடிமேல் சாய்த்து வைத்தாள். விரல் தட்டினால் அந்த இடத்தில் அவள் ஒரு புழு போடுவாள். தட்டாவிட்டால் தவளைக்குப் பட்டினி. இந்த விளையாட்டு அவள் யோசனைதான். ஒரே நாளில் தவளை பழகிவிட்டது. விரல் அசைந்ததும் தாவி வந்து நின்றது. அவளுடைய மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே டொக், டொக் என்று விரல் தட்டுவது கேட்டபோதெல்லாம் அவள் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. தேறிவிடுவார், அடுத்த மழைக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு தவளை புழுவைப் பார்ப்பதை விட்டுவிட்டது. விரலையே பார்த்தது. தட்டல் குறைந்தது, அப்புறம் நின்றே போயிற்று. விரலில் காயமில்லை, வீக்கமில்லை. உள்ளே ஆளில்லாத கையுறை மாதிரிக் கிடந்தது. நடுநடுவே இப்படி ஆவது சகஜம் என்றாள் பயிற்சிக்காரப் பெண். தையல்காரிக்கு மனசு ஆறவில்லை.

இன்று கெடு முடிகிறது. அவள் தொட்டியின் மூடியைத் திறந்து புதுப் புழுக்களைப் போட்டாள். பிறகு அவர் முகத்தருகே குனிந்தாள்.

"என்னங்க, கடைக்காரனுக்குச் சொல்லணும். இந்தத் தவளையை நாமளே வச்சுக்கலாமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். கண்ணோரத்தில் நீர் கட்டியது. ஒரு முறை இமைத்தார். இமை மறுபடி கீழே இறங்கத் தொடங்கி, பாதி வழியில் நின்றது.

அவள் காத்திருந்தாள். இமை அசையவில்லை.

சரி, ஆமாம்தான். களைத்துவிட்டார் பாவம். திரும்பியபோது தவளையின் கண்கள் மெல்ல மண்டைக்குள் இறங்குவதைப் பார்த்தாள். அப்பாடா, ஒருவழியாகத் தின்றுவிட்டது.

அறையின் எதிர்ப்பக்கம் மெஷினில் உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெடலை மிதித்தபடியே பேசினாள்.

"நாங்களே வச்சுக்கறோம் தம்பி."

"சந்தோஷம்க்கா. நல்லா சாப்பிடுதா?"

"இப்பத்தான் ஏதோ முழுங்குச்சு."

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். புழுக்கள். போட்டது போட்டபடி. அத்தனையும் நெளிந்துகொண்டு.

அப்படியென்றால் எதை?

பாதியில் நின்ற இமை. இரண்டாவது இமைப்பு. அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

தொட்டி காலி. மூடியை அவள் மூடவேயில்லை.

தவளை அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது. அவள் கையால் தைத்த சட்டை. அதன் நடுப் பொத்தான் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே அசைவு. தவளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொத்தான் ஏறியது.

தவளையின் கண்கள் உள்ளே போயின.

பொத்தான் இறங்கவில்லை.

ஐயோ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். போன் தோளிலிருந்து நழுவி விழுந்தது. கண்கள் மறுபடி வெளியே வந்தன. பெரிதாக, ஈரமாக. அவள் காலைப் பார்த்தன. பதற்றத்தில் இன்னும் பெடலை மிதித்துக்கொண்டிருந்த காலை.

மெஷின் நின்றது.

கால் வரவில்லை. இழுத்தாள். வரவில்லை. கையை நீட்டினாள். பாதியில் நின்றது. கத்தல் தொண்டையிலேயே தங்கிவிட்டது. மழைச் சத்தம். தைல வாடை. கட்டிலிலிருந்து தரையில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். ஒரு தாவல். இன்னொன்று.

பாதி மூடிய கண்ணோடு அவர் கிடந்தார். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று. இரண்டு முறை.

ஒரு முறை இமைத்தாள்.

காலடியில், தவளையின் கண்கள் உள்ளே போயின.