ஒன்பதாம் நம்பர் காட்டில் ஏழு மரங்கள்

திறப்பு விழாவுக்கு ஐம்பத்தோரு மணி நேரம் மீதமிருந்தது. அதற்குள் ஆனைச்சரிவு எஸ்டேட்டில் உள்ள எல்லாப் பொருள்களும் தங்களைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

காலையில் என் முதல் வேலை கேட்பது. பங்களாப் படிக்கட்டில் கால் வைத்தால், தான் ஈட்டி மரம் என்றும் எந்தச் சரிவில் வெட்டப்பட்டது என்றும் படிக்கட்டு சொல்லும். குளிர்காயும் அடுப்பு சொல்லும். தேயிலை உலர்த்திய தட்டுகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு சொல்லும். சொல்வது சரி என்றால் பச்சை விளக்கு. மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் அம்மாவின் காலத்தில் யாரும் எந்த வரலாற்றையும் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கிவிடலாம் என்றிருந்தது. நடக்காத போர்களுக்குப் படங்கள் வந்தன. இல்லாத கோயில்களுக்குக் கல்வெட்டுகள் வந்தன. அவற்றை நம்பி நிஜமாகவே ஊர்கள் எரிந்த பிறகுதான் விளக்கச் சட்டம் வந்தது. பொதுமக்களுக்குத் திறக்கப்படும் இடத்தில் விளக்கமில்லாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது. ‘விளக்கி’ என்ற பொறி பழைய பதிவுகளைப் படிக்கும், பொருளையும் ஸ்கேன் செய்யும். இரண்டும் ஒத்துப்போனால், அந்தப் பொருளில் அதன் கதையைச் சொல்லும் குரல்வில்லை பதிக்கப்படும். ஒத்துப்போகாவிட்டால் பொருள் அகற்றப்படும்.

தேயிலை இப்போது தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. பூமி சூடேறியபின் மலைகளில் செடி நிற்கவில்லை. எஞ்சிய கடைசிச் சரிவு இதுதான். பங்களா, தொழிற்சாலை, தொழிலாளர்களின் லைன் வீடுகள் என்று மொத்தத்தையும் அரசு வாங்கி, யாரும் கட்டணமில்லாமல் வந்துபோகிற பொதுத்தோட்டமாக்குகிறது.

ஒன்பதாம் நம்பர் காட்டில்தான் சிக்கல். எஸ்டேட்டில் தேயிலை வயலைக் காடு என்றே சொல்வார்கள். அங்கே எல்லாச் செடிகளும் இடுப்பளவில் இருக்க, ஒரே நிரையில் ஏழு மட்டும் மரமாக வளர்ந்திருந்தன. பல ஆண்டுகளாக யாரும் அவற்றில் கொழுந்து பறிக்கவில்லை, கவாத்து செய்யவில்லை. ‘கொப்புள நோய், தொட வேண்டாம்’ என்கின்றன பழைய பதிவுகள். நோய் வந்த தடமே இல்லை என்கிறது என் சென்சார். மண்ணில் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். விளக்கியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மேலதிகாரி தயாபரனை அழைத்தேன்.

“சார், நல்லா இருக்கிற செடியை ஏன் நோய்னு எழுதியிருக்காங்கன்னு புரியல.”

“புரியலன்னா எடுத்துடும்மா. ஏழு மரத்துக்காகத் திறப்பு விழாவைத் தள்ளி வைக்கச் சொல்றியா?”

“அப்ப இங்க வேலை செஞ்சவங்க யாராவது நேர்ல சொன்னா விளக்கி ஏத்துக்கும்ல சார்?”

“ஏத்துக்கும். உண்மையைச் சொல்லணும். ஆள் இருக்கா?”

ஒருவர் இருந்தார். ஞானப்பூ. இந்தக் காட்டில் கொழுந்து பறித்தவர். எஸ்டேட்டை மூடியபோது எல்லோரும் இறங்கிப் போக, லைன் வீட்டை விட்டுப் போகாமல் தங்கிவிட்டவர். நான் மேலே போனபோது மரங்களுக்குக் கீழே நின்றிருந்தார்.

“என்ன மேடம், வெட்டப் போறீங்களாமே?”

“மேடம்னு கூப்பிடாதீங்கக்கா.”

“மிசினே உங்க பேச்சைக் கேக்குது. நான் எந்த மூலை?”

மரங்கள் நிற்க வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். விளக்கியை அவர் முன் நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரிய தொரை பொண்டாட்டி தேயிலைப் பூ வேணும்னு கேட்டாங்க. அதான் வளர விட்டோம்.”

மஞ்சள்.

“சரி, அது இல்ல. பாம்பு இருந்துச்சு.”

மஞ்சள்.

“ஏழுலயுமாக்கா?”

“பாம்புக்குக் குடும்பம் இருக்கக் கூடாதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு குரலில் சொன்னார்.

“நோய்னு நாங்கதான் சொன்னோம். வெத்தலைக்கு வச்சிருக்கிற சுண்ணாம்பை விரல்ல தொட்டு இலைக்கு அடியில புள்ளி வைப்போம். தூரத்துல இருந்து பாத்தா கொப்புளம் மாதிரியே இருக்கும். கங்காணி கிட்டயே வர மாட்டாரு. மழை கழுவிட்டா மறுபடி வைப்போம்.”

விளக்கு ஒரு நொடி பச்சைக்குப் போய்த் திரும்பியது. ‘நிகழ்வு உண்மை. காரணம் இல்லை’ என்று எழுத்து வந்தது.

“எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?”

அவர் விளக்கியைப் பார்த்தார். “சொன்னா இது என்ன பண்ணும்?”

“உங்க குரலை அப்படியே மரத்துல வச்சிடும். யார் பக்கத்துல வந்தாலும் சொல்லும்.”

“ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு வர்றவன்கிட்டயும்?”

“ஆமா.”

“எத்தனை வருசத்துக்கு?”

“தோட்டம் இருக்கிற வரைக்கும்.”

“நாங்க ஒருத்திக்கு ஒருத்தியே சொல்லிக்கிட்டதில்ல பாப்பா. இதுன்னு கையைக் காட்டுவோம். மத்தவளுக அந்தச் செடியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவாளுக.” சேலைத் தலைப்பை உதறிக்கொண்டார். “வெட்டிக்கங்க. மேல இருக்கிறது மரம்தான.”

இறங்கிப் போய்விட்டார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பாம்பு வரைக்கும் கதை கட்டி மரத்தைக் காப்பாற்றப் பார்த்தவர், எப்படி இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டார்? நான் காப்பாற்ற வந்தவளா, அழிக்க வந்தவளா என்பதும் தெளிவாக இல்லை. இரண்டுக்கும் ஒரே கருவியைத்தான் கையில் வைத்திருந்தேன்.

கெடு முடியும் நாள் காலையில் வேர்வாரி இயந்திரம் வந்தது. ஆறு கால்கள், முன்னால் கொக்கிப் பற்கள் வைத்த ஒரு மண்வாரிக் கை. முதல் மரத்தின் பக்கத்தில் நின்று கையை விரித்தபோது, கீழேயிருந்து ஞானப்பூ மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“இது எதுக்குக் கொக்கி மாதிரி?”

“வேரை எடுக்கக்கா.”

“வெட்டுறதுன்னுதான சொன்னீங்க?”

“வேர் இருந்தா மறுபடி துளிர்க்கும். விளக்கமில்லாதது திரும்ப வளரக் கூடாது. ஆள் உயரத்துக்குத் தோண்டி, மண்ணைச் சலிச்சுத்தான் மூடுவோம்.”

“மண்ணைச் சலிப்பீங்களா?”

அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வேர்வாரிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நான் ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கை பாதியில் நின்றது.

“அந்த மிசினைக் குடு.”

விளக்கியை இரண்டு கையாலும் வாங்கி வாய்க்கு அருகில் பிடித்தார். வேண்டாம், விடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததால் சொல்லவில்லை.

“நான் ஞானப்பூ. ஒன்பதாம் நம்பர்ல கொழுந்து எடுத்தவ.” விளக்கியை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார். “பொறந்த அன்னைக்கே போனதைக் கீழ சுடுகாட்டுக்குக் கொண்டுபோக அரை நாள் லீவு வேணும். கேட்டா, பேரே வைக்காததுக்கு என்ன லீவுன்னாங்க. அதனால எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்தோம்.”

விளக்கு இன்னும் மஞ்சளிலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்துச் சொன்னார்.

“இதுக்கடியில எங்க பிள்ளைங்க இருக்காங்க. மூணாவது என் மக.”