ஊதா மையில் எழுதிய வரி

பார்சல் ஈரமாக இருந்தது. ஜோலீனுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

இரண்டு நாளாக, அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத் நகரம் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தபால் வண்டி மலையேறி வரவேயில்லை. வாசலில் இருந்த தபால் பெட்டியின் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டதில், சாவிக்கொத்தால் நாலு தட்டுத் தட்டித்தான் அதைத் திறக்க முடிந்தது. மூக்கிலிருந்து வடிவதே உதட்டுக்கு வருமுன் கட்டியாகிற குளிர் அது. உள்ளே கிடந்த காகித உறையோ அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டதுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சேறும் அழுகிய இலையும் சேர்ந்த வாசம் அடித்தது, கோடையில் ஆற்றங்கரையில் நிற்கும்போது வருகிற வாசம்.

அனுப்பியவர் பெயர் இல்லை. அங்கேயே நின்று உறையைக் கிழித்தாள். அதற்குள் இருந்ததைப் பார்த்ததும் ஈரமும் வாசமும் மறந்துபோயின.

‘கீழ்நதி’, மூன்றாம் பாகம்.

அந்தப் பாகத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை, இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று அதை எழுதும் அம்மாள் போன வாரம்தான் கைவிரித்திருந்தார். அன்று ஜோலீன் பல் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவரின் கடைவாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் அவர் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள், அங்கே வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ரோண்டாவிடம் புலம்ப. பிழைப்பு பல் துலக்குவது, வாழ்க்கை புத்தகம் படிப்பது என்று இருந்தவள் அவள். வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், ஓரங்களில் பொன் பூசியவை தனி வரிசை. எல்லாம் ஒரே ஜாதி. பழைய புராணத்திலிருந்து ஒரு தேவனோ அரக்கனோ வருவான், ஊருக்குள்ளிருந்து ஒரு பெண் போவாள், இருநூறு பக்கம் சண்டை போடுவார்கள், அப்புறம் காதல். எத்தனை சாமிகள் நடுவில் தான் படுக்க வேண்டியிருக்கிறது என்று அவள் புருஷன் டெரில் விரல்விட்டு எண்ணிக் காட்டுவான்.

‘கீழ்நதி’யில் வருகிறவன் படகோட்டி. கிரேக்கர்களின் பழைய கதைகளில் செத்தவர்களை அக்கரை சேர்க்கும் அழுக்குக் கிழவன் ஒருவன் உண்டு. அந்த அம்மாள் கிழவனுக்கு முப்பது வயதாக்கி, தோளை அகலமாக்கி, பேச்சைச் சுருக்கிப் படகரசன் என்று பெயர் வைத்துவிட்டார். எது கேட்டாலும் படகரசன் ‘சரி’ என்று ஒரு வார்த்தைதான் சொல்வான். அந்த ஒரு வார்த்தைக்கு நாடு முழுக்கப் பெண்கள் கிறங்கிக் கிடந்தார்கள்.

ஜோலீன் புத்தகத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். யாரிடமிருந்து மறைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. டெரில் நகரசபையின் பனி தள்ளும் வண்டியில் இரட்டை ஷிப்ட் போயிருந்தான். நாலு வயது லைல் மூக்கொழுகியபடி கூடத்தில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவள் ஹேட்டி கொல்லையில் பனிக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. ஒரு கையில் சிவப்புக் கையுறை, மறு கையில் பச்சை, ஏனென்றால் ஜோடியாக எதையும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. அவளுடைய பிளாஸ்டிக் மண்வெட்டி பனியைச் சுரண்டும் சத்தம் சமையலறை ஜன்னல் வழியாகச் சீராக வந்துகொண்டிருந்தது. சரக். சரக்.

காப்பியைக் கலந்துகொண்டு, ஊதாப் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். பேனா இல்லாமல் அவள் படிப்பதில்லை. அவளும் ரோண்டாவும் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்து, ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள். இவள் ஊதா மை, ரோண்டா பச்சை. ‘இப்படி ஒருத்தன் கூப்பிட்டா செருப்பைக்கூடத் தேடமாட்டேன்’ என்று இவள் எழுதினால், ‘உனக்கு முன்னாடி நான் படகுல இருப்பேன்’ என்று அவள் எழுதுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடிதம் கடத்துகிற மாதிரி, முப்பத்தெட்டு வயதில் அதுதான் ஜோலீனுக்குச் சந்தோஷம்.

முன்பக்கங்களை அவள் எப்போதும்போலத் தள்ளிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போனாள். ஹீட்டர் முனகியது, தாளின் ஈரம் காய்வதற்குப் பதிலாக விரலில் ஒட்டியது, ஆற்று வாசம் காப்பி வாசத்தை மெல்ல அமுக்கி ஏறிக்கொண்டு வந்தது, வெளியே மூன்றரை மணிக்கே வெளிச்சம் நீலமாகிக் கொல்லையில் இருந்த பிர்ச் மரங்களின் நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன, அவள் அது எதையும் கவனிக்காமல் பக்கங்களைப் புரட்டினாள். எழுத்து முன்னைவிட நன்றாக இருந்தது. அதை ஓரத்தில் எழுதியும் வைத்தாள்.

தொண்ணூறாம் பக்கத்தில் ஒரு சிறுமி வந்தாள். பனியில் கோட்டை கட்டும் சிறுமி. முன்பல் இல்லை. ஒரு கை சிவப்பு, ஒரு கை பச்சை.

ஜோலீன் சிரித்தாள். ‘அய்யோ, என் வாண்டு!’ என்று ஓரத்தில் எழுதினாள். அடுத்த வரியைப் படித்தாள். கோட்டையின் சுவருக்குள் யாரோ துடுப்பு வலிக்கும் சத்தம் அந்தச் சிறுமிக்குக் கேட்கிறது. அவள் மண்வெட்டியைக் கீழே வைக்கிறாள்.

கொல்லையில் சுரண்டும் சத்தம் நின்றது.

சரி, களைத்திருப்பாள், பசித்து உள்ளே வருவாள் என்று நினைத்துக்கொண்டு ஜோலீன் காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போகலாம் என்று பார்த்தபோது போன் அடித்தது. ரோண்டா.

“உனக்கும் வந்துச்சாடீ?” என்றாள் எடுத்ததுமே.

“எது?”

“நடிக்காத. நீதான அனுப்புன? முதல் பக்கத்துல நாம கிறுக்கினதையே போட்டிருந்தா, வேற யாருன்னு நெனைக்கிறது?”

தான் அனுப்பவில்லை என்றாள் ஜோலீன். ரோண்டா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு நேற்றே வந்துவிட்டதாம், கடைசி அத்தியாயத்தில் இருக்கிறாளாம், கதையைச் சொல்லிவிடமாட்டாளாம், ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லையாம்.

“ஒரு தடிப்பய வர்றான்டீ இதுல. படகுல ஏறியும் படுத்தே கெடக்கான். அச்சு அசல் நம்ம ப்ராடி. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு.”

ப்ராடி ரோண்டாவின் மூத்த மகன். இருபத்திரண்டு வயதில் சோபாவே கதி என்று கிடப்பவன்.

“ப்ராடி எங்க ரோண்டா?” என்று கேட்டாள் ஜோலீன்.

“கீழ் ரூம்ல தூங்குறான்.”

“எப்பலேர்ந்து?”

போனைக் கையில் வைத்துக்கொண்டே ரோண்டா படியிறங்குவது கேட்டது. மரப்படி ஒன்று, இரண்டு, மூன்று. மகன் பெயரை ஒரு தடவை கூப்பிட்டாள். கதவு கிரீச்சிட்டது. அப்புறம், தண்ணீரில் கால் வைக்கும் சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜோலீன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

யாருக்குச் சமர்ப்பணம் என்று அச்சடிக்கும் இடத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது, அவளுடைய ஊதா மையில். போன பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதிய வரி. அந்தப் பாகம் அந்தரத்தில் விட்டுவிட்டு முடிந்த ஆத்திரத்தில், புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்து, பிறகு தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து எழுதியது. ரோண்டாவும் அன்று அதன் பக்கத்தில் பச்சையில் ‘நானும்தான்’ என்று எழுதியிருந்தாள். இப்படிப்பட்ட புத்தகங்களைப் படிக்கிற எல்லோரும் எல்லா இடத்திலும் விளையாட்டுக்குச் சொல்கிற வரி.

‘அடுத்த பாகம் இப்பவே கைக்கு வந்தா என் மூத்ததையே தூக்கிக் குடுத்துடுவேன்.’

அதன் கீழே, கறுப்பு மையில், அவள் பார்த்தறியாத கையெழுத்தில் ஒரு வார்த்தை.

‘சரி.’

கோட்டு போடாமல் ஓடினாள். பனி முழங்கால்வரை இறங்கியது. பனிக்கோட்டை அப்படியே இருந்தது, மண்வெட்டி அதன்மேல் சாய்த்து வைத்திருந்தது. குனிந்து நுழைகிற துவாரத்துக்குள் தலையை விட்டாள். உள்ளே ஒரு சிவப்புக் கையுறை. அதிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வடிந்தது. ஹேட்டி இல்லை.

கத்தினாள். வேலிவரை போய்க் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புயலுக்கு முன்பே மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். டெரில் போனை எடுக்கவில்லை. போலீசுக்கு அடித்தாள். பேசின பெண் நிதானமாக எல்லாம் கேட்டாள், என்ன உடை, எத்தனை வயது, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள். கடைசியாகத் தொண்ணூறாம் பக்கத்தில் பார்த்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. மலைச்சாலை அடைத்திருக்கிறது, வண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும், வீட்டைவிட்டு நகராதீர்கள் என்றாள் அந்தப் பெண். வாசலில் லைல் செருப்புகூட இல்லாமல் நின்று அழுதான். ஜோலீன் அவனைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு மறுபடி மேஜைக்கு வந்தாள்.

புத்தகம் திறந்து கிடந்தது. அவள் மூடிவிட்டுப் போன நினைவு.

அதை எடுத்து விறகடுப்பின் கதவைத் திறந்தாள். தீயின் வெக்கை முகத்தில் அடித்தது. கை நீட்டி, அப்படியே நின்றாள். ஹேட்டி இதற்குள் அல்லவா இருக்கிறாள்.

அடுப்பின் கதவைச் சாத்தினாள்.

இந்த விஷயங்களின் சட்டமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கீழே இருக்கிறவர்கள் கொடுப்பதைத் தின்னக்கூடாது. பெயரைச் சொல்லக்கூடாது. வாக்குக் கொடுக்கக்கூடாது, விளையாட்டுக்குக்கூட. அந்தத் தப்பைச் செய்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து, இந்தக் கூறுகூட இல்லையா உனக்கு என்று ஓரத்தில் எழுதி உச்சுக்கொட்டியவள் அவள். கடைசியில் அந்தப் பெண்களுக்கு ஒரு வழி கிடைக்கும். வாக்கில் ஒரு ஓட்டை இருக்கும். அவள் தன் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஓட்டை இல்லை. வழி கிடைப்பது கதாநாயகிகளுக்கு. அந்தப் புத்தகங்களில் அம்மாக்கள் பத்தாம் பக்கத்துக்கு முன்பே செத்துப்போயிருப்பார்கள், அவர்களைப் பற்றி அப்புறம் யாரும் பேசுவதில்லை.

படித்தாள். வேறு என்ன செய்வது. படிக்க மட்டும்தான் அவளால் முடிந்தது.

சிறுமி சுவருக்குள் நடக்கிறாள். பனி சேறாகிறது. ஒரு கையுறை விழுந்ததைக் கவனிக்கவில்லை. ஆறு. படகு. அகலமான தோள்.

ஜோலீன் பேனாவை எடுத்தாள். தாள் கிழியும்படி அழுத்தி ஓரத்தில் எழுதினாள். ‘ஏறாதே ஹேட்டி. அம்மா வர்றேன். ஏறாதே.’

பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில் சிறுமி நின்று திரும்பிப் பார்க்கிறாள். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

“எங்க அம்மாகிட்ட கேக்கணும்” என்கிறாள் படகில் இருப்பவனிடம்.

“கேட்டாச்சு” என்கிறான் அவன்.

ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டுகிறான். சிறுமி அதை விரல் வைத்துப் படிக்கிறாள். ஹேட்டி எதைப் படித்தாலும் விரல் வைத்துத்தான் படிப்பாள்.

“ஆமா” என்கிறாள். “அம்மா எழுத்துதான்.”

ஏறுகிறாள்.

கூடத்தில் பொம்மைப்படம் நின்றுவிட்டது. வெளியே முழுசாக இருட்டு. ஹீட்டர் ஓடவில்லை. ஆனாலும் சமையலறை புழுக்கமாக இருந்தது. ஆற்று வாசம். காலடியில் தரை ஈரம்.

பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. பத்து. ஆறு. மெதுவாகப் படிக்கப் பார்த்தாள். கண் நிற்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

மூன்று.

ஒன்று.

படகு நடு ஆற்றில் நிற்கிறது. படகரசன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். சிறுமிக்குக் குளிர்கிறது. கரையைத் திரும்பிப் பார்த்து, வாயைத் திறக்கிறாள்.

அவ்வளவுதான்.

அதன் பிறகு வெள்ளைத் தாள். புரட்டினாள், அட்டை. திரும்பப் புரட்டினாள். ஹேட்டி வாயைத் திறந்தபடி நின்றாள். அடுத்து ஒன்றுமில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கூப்பிடவுமில்லை.

தாளின் அடியில் ஒரு வெற்றுக்கோடு இருந்தது. கோட்டுக்குச் சற்று மேலே கறுப்பு மையில் ஒரு வார்த்தை. மை இன்னும் காயவில்லை.

‘பிறகு?’

அடுத்த பாகத்துக்கு என்ன விலை என்று அவளுக்குப் புரிந்தது. உடனே புரிந்தது, அதுதான் கொடுமை.

“அம்மா.”

கதவருகில் லைல் நின்றிருந்தான். ஒரு காலில் மட்டும் காலுறை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“ஹேட்டி எப்ப வருவா?”

அவனை இழுத்து மடியில் போட்டு, தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். காய்ச்சல் அடித்தது அவனுக்கு. இடது கையால் இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். வலிக்குதும்மா என்றான். அவள் விடவில்லை.

மேஜையில் பேனாவின் மூடி தனியாகக் கிடந்தது. அவள் வலது கையைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

வெற்றுக்கோட்டின்மேல், ஊதா மையில், அவள் எழுத்தில், ‘லை’ என்று இருந்தது. பேனா தாளைவிட்டு எழவில்லை.